வட்டப் பரிசலும் கூர்மூக்குப் படகும்

உத்தனப்பள்ளிக்குக் கடல் வெகு தூரம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் ராகிக் கொல்லை, தக்காளித் தோட்டம், ரோஜாவுக்குப் போட்ட பசுமைக்குடில் என்று மாறி மாறி வரும் மேட்டு நிலம் இது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

இருக்கிறது. இங்கே கம்பெனி வேலைக்கு வந்திருக்கும் பையன்களில் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூண்டில்தான். கிருஷ்ணகிரி அணை, பஞ்சப்பள்ளி அணை என்று கிளம்பிவிடுகிறார்கள். கையில் செல்போன், அதில் எங்கோ ஓர் அமெரிக்க ஏரியை அலுமினியப் படகில் கிழித்துக்கொண்டு போகிறவனின் வீடியோ. ஆட்டம் இல்லாமல் போக எந்த வடிவ அடிப்பாகம் நல்லது என்று அவர்களுக்குள் பெரிய வாதம் நடக்கும். “நாமளே ஒண்ணு செஞ்சா என்னண்ணா? அலுமினியம்தான் இங்க கொட்டிக் கெடக்குதே” என்பார்கள். பாதி விளையாட்டாகக் கேட்கிற கேள்வி. ஆனால் அணையில் வலை போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வியே இல்லை. அவர்களை வைத்துத்தான் நான் இதை யோசித்துப் பார்த்தேன்.

இந்த மேட்டுப் பகுதியில் மீன்பிடிக்கப் படகு என்ற பேச்சே முன்பு கிடையாது. ஏரி நிரம்பினால் மீன் வளரும், வற்றினால் மீன் பிடிபடும். கோடையில் முழங்கால் தண்ணீர் ஆனதும் ஊரே இறங்கும். ஊத்தாக் கூடையைக் கவிழ்த்துத் தடவுகிறவர் ஒருபக்கம், வீச்சு வலைக்காரர் ஒருபக்கம், வேட்டியை விரித்து அயிரை அள்ளும் பிள்ளைகள் ஒருபக்கம். விராலும் குரவையும் கெளுத்தியும் சேற்றோடு வரும். ஆழத்தில் தவறிப்போன மாட்டையோ விரித்த வலையையோ எடுக்க வேண்டுமென்றால் நாலு வாழைத்தண்டைக் குத்திக் கோத்த தெப்பம். பிறகு லாரி ட்யூப் வந்தது. காற்றடித்த ட்யூபின் மேல் ஒரு பலகையைக் கட்டி, காலையே துடுப்பாக்கிக்கொண்டு வலை விரிப்பவர்களை இன்றும் பல ஏரிகளில் பார்க்கலாம்.

தென்பெண்ணையாற்றின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை எழுந்தது 1957-58ல். 52 அடி நீர்மட்டம். அதற்குமுன் இந்த வட்டாரத்தில் யாரும் பார்த்திராத அளவுக்குத் தண்ணீர் ஒரே இடத்தில் நின்றது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டார்கள். ஜிலேபி தானாகப் பெருகியது. ஆழத்துக்குப் போகாமல் இந்த மீனைப் பிடிக்க முடியாது. அப்போதுதான் காவிரிக் கரைக்காரர்களின் பரிசல் இங்கே அன்றாடப் பொருளானது.

பரிசல் பழைய சரக்கு. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ், ஆனேகுந்தி அருகே மக்கள் ஆற்றைக் கூடை போன்ற வட்ட ஓடங்களில் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். பின்னலின்மேல் தோல் போர்த்தியவை, பதினைந்து இருபது பேரை ஏற்றக்கூடியவை, தேவைப்பட்டால் குதிரையையும் மாட்டையும்கூட ஏற்றுபவை என்பது அவர் தரும் செய்தி. அடுத்த நானூறு வருஷம் அதில் பெரிய மாற்றம் இல்லை. மூங்கிலைப் பிளந்து சிம்பு எடுத்து, தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நடுவில் பாரம் வைத்து, ஓரத்தை மேலே வளைத்துச் சுற்றிலும் பட்டை கட்டினால் கூடு தயார். அன்று அதன்மேல் மாட்டுத்தோல். தோல் போய் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்ததுதான் இருபதாம் நூற்றாண்டு செய்த ஒரே திருத்தம்.

படகுக் கணக்கு தெரிந்த ஒருவர் இந்தப் பரிசலைப் பார்த்தால் முதலில் தலையில் கைவைப்பார். முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அடியில் ஏரா என்ற நடுக்கட்டை கிடையாது. துடுப்பை ஒருபக்கமே போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆனால் ஏறி உட்கார்ந்து பாருங்கள், உடம்பில் ஓர் அதிர்ச்சி தெரியாது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அதன் அடிப்பாகம் வளைந்து கொடுக்கிறது. சிற்றலை வரும்போது பின்னல் மெல்ல எழும்பி, நெளிந்து, அலையை அடியில் கடத்திவிடும். கெட்டியான பலகையில் அலை மோதினால் வருகிற அறை இதில் வராது. இரண்டாவது, அது மெதுவாகப் போகிறது. நடையைவிடக் கொஞ்சம் குறைச்சலான வேகம். அந்த வேகத்தில் எந்தப் படகும் அலையில் பலமாக அடிபடாது. இந்த இரண்டாவது காரணத்தை மறந்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் படகின் வடிவத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீரில் சில அங்குலம்தான் அது அமிழும் என்பதால் கருவேல முள்ளும் பாறையும் மறைந்து கிடக்கும் ஓரத்திலும் போகும். வேலை முடிந்ததும் ஓர் ஆள் முதுகில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடலாம். தொல்லை என்னவென்றால் காற்று. ஆனி, ஆடியில் மேல்காற்று பிடித்துவிட்டால் பரிசலை எதிர்த்துத் தள்ள முடியாது. காற்று கொண்டுபோய் விட்ட கரையில் இறங்கி நடந்து வர வேண்டியதுதான். மோட்டார் வைக்கலாம் என்றால் வட்டமான பண்டம் நேராகப் போகாது. தாரும் சாக்கும் அடிக்கடி கிழியும். ஆள் அதிகமானால் ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் ஏறும். 2015 மார்ச்சில் ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் உயிர்காப்புச் சட்டை போடாமல் ஏற்றக்கூடாது என்பதில் கெடுபிடி கூடியது. அணையில் தனியாக வலை எடுக்கப் போகிறவர்கள் மட்டும் அந்தச் சட்டையை இன்றுவரை போடுவதாகக் காணோம்.

இப்போது ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. அதே வட்டம், அதே அளவு. மூங்கிலுக்குப் பதில் கண்ணாடி இழையும் ரெசினும். தார் பூசும் வேலை இல்லை, வருஷக்கணக்கில் நிற்கிறது, ஓட்டை விழுந்தால் கரையிலேயே ஒரு துண்டு இழைப்பாயை ஒட்டிக் காயவைத்து மறுபடி தள்ளலாம். மீனவர்கள் அதை விரும்புவது நியாயம். ஆனாலும் ஒன்று போயிற்று. ஃபைபர் நெளியாது. மூங்கில் பரிசலில் கேட்காத அந்தத் ‘தப் தப்’ ஓசை ஃபைபரில் கேட்கும். பழைய ஆட்கள் மீன் மிரளுகிறது என்று குறைப்படுவதில் கொஞ்சம் உண்மை உண்டு.

கடற்கரையில் நடந்த மாற்றம் இதைவிட வேகமானது. ஏழெட்டுக் கட்டைகளைக் கயிற்றால் கட்டிய கட்டுமரத்தில் தண்ணீர் உள்ளே வந்து உள்ளே போகும். மூழ்கடிக்க முடியாத கலம் அது. 1950களில் விசைப்படகு வந்தது, 1980களில் ஃபைபர் மெல்ல நுழைந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. பல ஊர்களில் கட்டுமரம் அடியோடு மறைந்தது. அந்தப் படகுகளுக்கு மீனவர் வைத்த பேர் மாருதி. சாலையில் மாருதி கார் செய்ததைக் கடலில் இது செய்தது.

மரம், மூங்கில், தோல், தார், ஃபைபர் என்று இத்தனையும் வந்து போன கதையில் அலுமினியம் எங்கே?

தமிழ்நாட்டுக்கு அலுமினியம் ஒன்றும் புதிதல்ல. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் தொடங்கியதே சென்னையில்தான். கலைப் பள்ளியில் பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898ல் அங்கே அலுமினியப் பாத்திரம் அடிக்கப் பழக்கினார். 1900ல் அது தனிக் கம்பெனியானது. வெளிநாட்டிலிருந்து தகடு வந்தது, இங்கே தூக்குச்சட்டியாகவும் சோற்றுப் பானையாகவும் மாறியது. அதற்குச் சில வருஷம் முன்பே, 1891ல், சூரிச்சில் எஷர் வைஸ் என்ற கம்பெனி அலுமினியத்தில் ஒரு சின்ன உல்லாசப் படகைக் கட்டி மிதக்க விட்டிருந்தது. அங்கே படகு, இங்கே பானை.

1965ல் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தியைத் தொடங்கியது. ஊர் வழக்கில் மால்கோ. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூரில் உருக்கி எடுத்தார்கள். எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு. 1934ல் கட்டி முடிந்த அந்த அணையின் நீர்ப்பரப்பில் நூற்றுக்கணக்கான மீனவர்கள் தார் பூசிய மூங்கில் பரிசலில் போய்க்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில், உலகம் முழுக்க ஏரி மீன்பிடிக்குப் பேர்போன உலோகம் கட்டிகட்டியாக வார்க்கப்பட்டு லாரி ஏறியது. இரண்டும் ஒருமுறைகூடச் சந்தித்துக்கொள்ளவில்லை. 2008ல் மேட்டூர் உருக்காலையை மூடிவிட்டார்கள். பரிசல் இன்னும் ஓடுகிறது.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தது. போர்விமானம் செய்த க்ரம்மன் கம்பெனிக்கு வேலை குறைந்தது. விமானத் தகட்டை வளைத்து ரிவெட் அடித்த அதே கைகளுக்கு 1945ல் சிறு ஓடம் செய்யும் வேலையைக் கொடுத்தார்கள். அடுத்த சில வருஷத்தில் மினசோட்டா பக்கம் இன்னும் பல பேர் இறங்கினார்கள். உலோகம் தெரிந்த தொழிலாளியும் ஏரி தெரிந்த மீன்காரனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், அதனால் படகு பிறந்தது. நம்மூரில் அலுமினியம் தண்ணீருக்குள் போனது மரப்படகுக்குச் சட்டையாக மட்டும். மரத்தைத் துளைக்கும் புழுவுக்கு அஞ்சி விசைப்படகின் அடியில் செம்புத் தகடு போர்த்துவார்கள். செம்பு விலை ஏறியதும், 1957ல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அலுமினிய-மக்னீசியக் கலவைத் தகட்டைச் சோதித்துப் பரிந்துரைத்தது. அதற்குமேல் பெரிதாகப் பரவவில்லை. முழு அலுமினிய உடலை நம் பக்கத்தில் சாதாரண ஜனங்கள் பரவலாகப் பார்த்தது கொச்சி நீர் மெட்ரோவில்தான். 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய அந்த மின்படகுகள் கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் அலுமினியத்தில் கட்டிய இரட்டை உடல் படகுகள்.

இனி இன்றைய உத்தனப்பள்ளி. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், 1987ல் டைட்டன் கடிகாரம் என்று வரிசையாக வந்தார்கள். இரும்பும் அலுமினியமும் வெட்டத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. பிறகு தொழிற்சாலை ஓசூரைத் தாண்டி இந்தப் பக்கம் நகர்ந்தது. திம்ஜேப்பள்ளி அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் வந்து, ஐபோனின் மேலுறையைக் கடைந்தெடுக்கிறார்கள். ஒரு கட்டி அலுமினியத்தைச் சி.என்.சி. எந்திரத்தில் வைத்து, வேண்டாததையெல்லாம் சீவித் தள்ளினால் எஞ்சுவது போனின் ஓடு. சீவல்தான் அதிகம். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதியில் இன்னொரு சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும் அறிவிப்பை எதிர்த்து 2023ல் விவசாயிகள் மாதக்கணக்கில் காத்திருப்புப் போராட்டம் நடத்தியதும் இதே ஊரில்தான். விளைநிலத்தின் இடத்தில் வருகிற உலோகம் ஊருக்கு வேறு என்ன தரும் என்று கேட்கிற உரிமை இந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. ஒரு நல்ல படகாவது தரட்டுமே.

சரி, எந்தப் படகு?

வீடியோக்களில் வருவது பெரும்பாலும் ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகம். கத்தி மாதிரி அலையை வெட்டிக்கொண்டு போகும், மேலே இருப்பவன் ஆடமாட்டான். இந்த வடிவத்துக்குப் பேர் வாங்கித் தந்தவர் ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். 1960ல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நஸ்ஸாவுக்கு நடந்த கடல் பந்தயத்தில், கொந்தளிப்பில் மற்றவர்கள் திணறியபோது அவர் வரைந்த ‘மோப்பி’ படகு முந்திப் போய் ஜெயித்தது. அடித்தட்டு கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி மேலேறுகிறதோ அதுதான் அடிச்சரிவு. மோப்பியில் அந்தச் சரிவு கடையால் என்ற பின்முனை வரைக்கும் சுமார் 24 டிகிரி அளவில் குறையாமல் போனது. தட்டையான அடியில் அலை மொத்தமாக அறையும். சரிந்த அடியில் அதே அலை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டு விலகும். இதுதான் சூட்சுமம்.

ஆனால் இது வேகமாகப் போகும் படகின் சூட்சுமம். படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் வரை அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை நீளம்தான் தீர்மானிக்கிறது. தண்ணீரில் 14 அடி நீளம் படும் படகுக்கு அது ஏறக்குறைய 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். இதைத் தாண்ட வேண்டுமானால் பெரிய மோட்டார் வைத்து, படகைத் தண்ணீரின்மேல் ஏற்றிச் சறுக்க விட வேண்டும். சறுக்கும்போதுதான் அலை அறையும், அப்போதுதான் ‘வி’ வேண்டும். துடுப்பில் போகிறவனுக்கும் சின்ன மோட்டாரில் போகிறவனுக்கும் ஆழமான ‘வி’யால் கால்காசு லாபம் இல்லை. நஷ்டம் உண்டு. ஓரிடத்தில் நின்று வலை இழுக்கும்போது அது இருபக்கமும் உருளும். ஒரு பக்கம் குனிந்தால் விளிம்பு தண்ணீருக்குப் போகும். அதிகம் அமிழ்வதால் கரையோரப் பாறையில் தட்டும். டீசலோ பெட்ரோலோ கூடுதலாகக் குடிக்கும்.

கிருஷ்ணகிரி அணையில் அலை எப்படி? காற்று ஓடிவர எவ்வளவு தண்ணீர் திறந்து கிடக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அலை எழும். கடலில் அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், இங்கே சில கிலோமீட்டர்தான். அதனால் அலை உயரம் குறைவு. ஆனால் நெருக்கம் அதிகம். ஒன்று இறங்குமுன் அடுத்தது. இந்த மாதிரி நெருக்கமான சிற்றலைக்கு மருந்து சரிவைவிட நீளம். 10 அடிப் படகு ஒவ்வொரு அலையிலும் ஏறி இறங்கும், 14 அடிப் படகு ஒன்றுக்கு மேற்பட்ட முகட்டில் ஒரே நேரத்தில் படுத்துப் போய்விடும். அணியம் என்ற முன்மூக்கு மட்டும் கொஞ்சம் கூராகவும் சரிவாகவும் இருந்து, பாதிக்குப் பிறகு அடி தட்டையாக விரிந்தால் போதும். முன்பக்கம் அலையைப் பிளக்கும், பின்பக்கம் நின்றால் ஆடாது. அமெரிக்க ஏரிக்காரர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர்ந்ததும் இந்த நடுவழிக்குத்தான்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் சவாரியை மாற்றும். அலுமினியப் படகு லேசு. லேசாக இருப்பதாலேயே துள்ளும், காற்றில் ஒதுங்கும். நனைந்த வலையையும் மீன் பெட்டியையும் அணியத்தில் குவித்தால் மூக்கு குத்தும், அடுத்த அலை மேலே வரும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் அமைதியாகப் போகும். காசு செலவில்லாத இந்த மாற்றம், ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் விசேஷ வடிவத்தைவிட அதிகம் செய்யும்.

தகட்டுக்கு வருவோம். பாத்திரக்கடை அலுமினியம் தண்ணீருக்கு உதவாது. மக்னீசியம் கலந்த ஐயாயிரம் வரிசைத் தகடு வேண்டும். 5083ல் மக்னீசியம் 4 சதவீதத்துக்கு மேல், அது கடலுக்கு. 5052ல் சுமார் இரண்டரை சதவீதம்; அணைத் தண்ணீருக்கு அது தாராளம், வளைக்கவும் எளிது. ஜிக், சட்டம் செய்யப் பட்டறைகளில் புழங்கும் 6061ஐ வெல்டிங் செய்தால் பற்றவைத்த இடத்தின் பலம் பெரிதும் இறங்கிவிடும், அடித்தட்டுக்கு அது வேண்டாம். 8க்கு 4 அடி ஷீட், 3 எம்.எம். கனம் என்றால் எடை 24 கிலோ. அதே அளவு இரும்பு 70 கிலோ. மூன்று நான்கு ஷீட்டும் உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டமும் சேர்ந்தாலும் நாலு ஆள் தூக்கி டாடா ஏஸில் வைத்துவிடலாம்.

ரிவெட் அடித்த படகு மலிவு, லேசு. ஆனால் அடிபட அடிபட ரிவெட் தளரும், ஒழுகும். ஆர்கான் வெல்டிங் செய்த படகு விறைப்பாக நிற்கும். மெல்லிய தகட்டில் சூடு ஏறினால் கோணிக்கொள்ளும் என்பதால் கை தேர்ந்தவர் வேண்டும். அந்தக் கைக்கு ஓசூரில் பஞ்சமே கிடையாது. ஆர்கான் வெல்டிங் போர்டு தொங்காத தெருவைச் சிப்காட் பக்கம் தேட வேண்டும். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன்: ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அலுமினியத்தில் நேராக மாட்டாதீர்கள், நடுவில் ரப்பரோ நைலானோ வாஷர் போடுங்கள். ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். செம்பு கலந்த பெயின்டும் ஆகாது.

அலுமினியத்தின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் அதன்மேல் உட்கார முடியாது. சத்தம் ஃபைபரைவிட அதிகம். தளத்தில் பலகையோ ரப்பர் விரிப்போ போட்டுத்தான் அடக்க வேண்டும். மூங்கிலுக்கு இருக்கிற பெரிய குணம் அதற்கு இல்லை: தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடும். இருக்கைக்கு அடியில் மூடிய காற்றறையோ நுரை அடைப்போ இல்லாத அலுமினியப் படகில் ஏறவே கூடாது. ஆனால் ஃபைபருக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. பழைய ஃபைபர் படகை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது, கரையில் உடைந்து கிடக்கும். பழைய அலுமினியப் படகை எடை போட்டுக் காசு வாங்கலாம். மறுபடி உருக்க, புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் 5 சதவீதம் அளவே போதும்.

தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டும். 1990களில் ஓசூர் பக்கத்தில் கட்டிய கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் நுரை மலைபோல எழும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும் தென்பெண்ணையில் இறங்கி வருவதன் அடையாளம் அது. புளிக்கரைசலை இரவு முழுக்க வைத்த அலுமினியச் சட்டி என்ன ஆகும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அமிலமானாலும் காரமானாலும் மிஞ்சினால் அலுமினியத்தின் மேல் படிந்திருக்கும் காப்பு கரையும், புள்ளி புள்ளியாகக் குழி விழும். கெலவரப்பள்ளியில் படகைத் தண்ணீரிலேயே விட்டுவைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கரையேற்றிக் கழுவி வைக்க வேண்டும். மீன் செத்து மிதக்கிற தண்ணீரில் படகின் ஆயுளைக் கணக்குப் போடுவதே அபத்தம் என்று சொன்னால் அதற்கும் என்னிடம் மறுப்பில்லை. கிருஷ்ணகிரி அணை அதே ஆற்றில் கீழே இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. 2017 நவம்பரில் அதன் ஷட்டர் ஒன்று உடைந்து தண்ணீர் வீணாய்ப் போனது. நீர்மட்டம் இறங்கியபோது சேறும் பாறையும் வெளியே தெரிந்த அந்த அணையில், ஆழமாக அமிழும் படகு வைத்திருந்தவர் கரைக்கே வந்திருக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது. காலையில் ஒருவர் தனியாகப் போய் ஓரமாக வலை விரித்து எடுப்பதற்குப் பரிசலை மிஞ்சிய கலம் இன்னும் வரவில்லை; மூங்கிலோ ஃபைபரோ அவரவர் வசதி. இரண்டு பேர், நிறைய வலை, ஆடிக்காற்றிலும் குறித்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும், சின்ன மோட்டார் வாங்க முடியும் என்றால் 14 அடி, அணியத்தில் மட்டும் சரிவு, பின்னே அகன்ற தட்டை அடி, 3 எம்.எம். 5052 தகடு, ஆர்கான் வெல்டிங், இருக்கைக்குக் கீழே காற்றறை. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்களுக்கும் அதே படகு போதும். ஆழமான ‘வி’ கடல்காரர்களுக்கு.

2020ல் வந்த மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் படகுக்கும் வலைக்கும் மானியம் இருக்கிறது: பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஃபைபர்தான் கிடைக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, ஓசூரில் ஐ.டி.ஐ. இருக்கிறது, அலுமினியத்தைப் பற்றவைக்கத் தெரிந்த நூறு பட்டறை இருக்கிறது. மீன்வளத்துறை ஒரே ஒரு படகுக்குப் பணம் ஒதுக்கி, ஐ.டி.ஐ. மாணவர்களைக் கொண்டு ஓசூரிலேயே கட்டி, கிருஷ்ணகிரி அணை மீனவர் ஒருவரிடம் ஓர் ஆடி முதல் அடுத்த ஆடி வரை கொடுத்துப் பார்க்கட்டும். சரிப்படாது என்று அவர் சொன்னால் எடைக்குப் போட்டுப் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.